கை விரித்தால் ஓட வேண்டும்

காயத்ரி, உன் டென்னிஸ் ஆட்டத்தில் குறை என்று தேடினால் ஒன்றுதான் அகப்படும். ஓடுவதற்கு முன்னால் ஒரு கணம் தரையைப் பார்க்கிறாய். சர்வீஸ் அருமை, பந்து தரையில் படுமுன் அடிக்கிற வாலி அருமை, கீரப்பாளையத்து வரப்பில் ஓடிப் பழகிய கால்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரையைப் பார்க்கிற அந்தப் பழக்கம் மட்டும் போய்விட்டால் நம் ஜோடியை யாராலும் அசைக்க முடியாது. இந்தா, பலாச்சுளை எடுத்துக்கொள். பண்ருட்டியில் அப்பாவின் முந்திரிக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மரத்துப் பழம். காலையில் ஆடிவிட்டுச் சாயங்காலத்தில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சுளை தின்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

காலையில் நீ ஒன்று கேட்டாய். ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய். "பூனாவுலருந்து ஒரு பொண்ணு கேக்குதுக்கா. ரேங்க் நல்லா இருக்கு. ஒரே ஒரு டோர்னமென்ட் மட்டும் அதுகூட ஆடிட்டு வரட்டுமா?" சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கடலூர் முழுக்கக் கேட்டுப் பார், இந்தச் சந்திரலேகா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. போ என்றோ போகாதே என்றோ சொல்வதற்கு முன்னால், சிந்துஜாவின் முட்டி எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சிதம்பரத்தில் அவளிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு வந்தவள் நீ. ஆனாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். வாயைத் திறக்காத பெண். அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் அதுதான்.

கை விரித்தால் முதலில் கீழே பார், அப்புறம் ஓடு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான் என்று போன வாரம் சொன்னாய். நான் சிரித்தேன். அது தப்பான பாடம். அவள் ஏன் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இன்றைக்கு உன்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இரட்டையர் ஆட்டக்காரியின் பிழைப்பு என்னவென்று உனக்கு இன்னும் முழுதாகப் புரிந்திருக்காது. ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றவளின் படத்தைப் பேப்பரில் போடுவார்கள். இரட்டையரில் கோப்பை வாங்கினவர்களுக்கு ராசிபலனுக்குக் கீழே ஒரு வரி, அதிலும் பெயர் தப்பாக இருக்கும். நமக்குக் கொடுப்பது எப்போதும் கடைசிக் கோர்ட், கழிப்பறையை ஒட்டியது. பார்க்க யாராவது உட்கார்ந்திருந்தால் அது எதிராளியின் அம்மாவாக இருக்கும். நானும் சிந்துஜாவும் தாஷ்கண்டில் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தபோது என் பெரியப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேரா ஆடறதா? அப்ப இதுல பாதிதான உன்னுது?" ஊரில் டென்னிஸை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியிருக்கிறது.

சிந்துஜாவை நான்தான் கண்டெடுத்தேன். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை அதுதான். சிதம்பரத்தில் ஒரு காலேஜ் மைதானத்தில், ஓரமாக நின்று சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சார்லஸ் அந்தக் காலேஜில் அட்டெண்டர். என்னோடு ஆடிக்கொண்டிருந்த பெண் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டாள், எனக்கு ஒரு ஜோடி வேண்டியிருந்தது. என் அப்பா அப்போது கடலூரில் கிளப் செக்ரட்டரி. இவளை வரவழைத்து, ஷூ வாங்கிக்கொடுத்து, கோர்ட்டுக்குள் விட்டார். மெம்பர்கள் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேதமெல்லாம் கிடையாது. பயிற்சி முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் அவளுக்குக் காபி. அம்மா அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளரே வாங்கியிருந்தாள். வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அதைப் பின்கட்டு ஜன்னலில் கவிழ்த்து வைத்திருப்பாள். அவ்வளவு பிரியம். குடித்ததும் சிந்துஜாவே கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

ஆட்டத்தில் அவள் சர்வீஸ் போட்டால் நான் நெட்டில் நிற்பேன். எதிராளிக்கு என் முகம் தெரியும், அவளுக்கு என் முதுகு மட்டும் தெரியும். இடுப்புக்குப் பின்னால் ஒரு கையை வைத்திருப்பேன். விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்திருந்தால், நான் என் இடத்திலேயே நிற்கிறேன் என்று அர்த்தம். கை விரித்தால், பந்தை மறிக்க நான் மறுபக்கம் பாயப்போகிறேன், நான் விட்டுப்போகிற பக்கத்துக்கு அவள் ஓடி வர வேண்டும். நான் உனக்குக் காட்டுகிற அதே ஜாடைதான். இதில் யோசனைக்கும் கேள்விக்கும் இடமில்லை. கை விரித்தால் ஓட வேண்டும். சர்வீஸ் கோடும் நடுக்கோடும் சேர்கிற மூலை இருக்கிறதே, சிந்துஜா சர்வீஸ் போட்ட வேகத்திலேயே அதைக் குறுக்கே மிதித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்துவிடுவாள். ஒரு நாளும் அவள் கீழே பார்த்ததில்லை. என் கையைத்தான் பார்ப்பாள். என்னை அப்படி நம்பினவர்கள் என் வீட்டில்கூட இல்லை.

நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரு சீசன் முழுக்க நான் ஆடவில்லை. நான் திரும்பி வரும்வரை சுவரில் பந்தடித்துக்கொண்டிரு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். நியாயமான வார்த்தைதானே. அவளோ கிடைத்த பெண்களோடெல்லாம் சேர்ந்து ஆடி, ஜெயித்தும் தொலைத்தாள். என் கல்யாணம் ஒத்துவரவில்லை. அவர் சுபாவத்திலேயே ஒற்றையர் ஆட்டக்காரர், குறை சொல்ல மாட்டேன். நான் கோர்ட்டுக்குத் திரும்பிய அன்றே சிந்துஜா மற்றவர்களை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டாள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதற்குள் அவள் ரேங்க் எங்கேயோ மேலே போயிருந்தது, என்னுடையது விழுந்திருந்தது. இரட்டையரில் கோப்பையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு ரேங்க்கை மட்டும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். இந்த விதியை எழுதினவன் குடும்பம் நடத்தினவனாக இருக்க மாட்டான்.

பெரிய போட்டிகளில் இரண்டு பேர் ரேங்க்கையும் கூட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அவள் ரேங்க்கோடு என்னுடையதைக் கூட்டினால் பாரிஸ் கதவுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு என்னை ஏற்றிவிட வந்தாள். கடலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட அவள்தான் பிடித்துக்கொடுத்தாள். பிறகு கீழே நின்றபடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோவிச்சுக்காத லேகாக்கா. தைவான் பொண்ணு ஒண்ணு கேட்டுக்கினே இருக்கு. அதுகூடன்னா பாரிஸ்ல நேரா எடம் கெடைக்குது. இந்த ஒரு தடவதான், முடிச்சிட்டு உங்கிட்டயே வந்துடுறேன்."

நல்லபடியாகப் போய்விட்டு வா என்றேன். பையில் இருந்த முந்திரிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண் கலங்கினாள். பஸ் கிளம்பியதும் எனக்கு ஒன்றுதான் மனசில் ஓடியது. நான் விட்டுவிட்டுப் போகலாம், வந்து கூப்பிடலாம், அது என் உரிமை. ஷூ வாங்கிக்கொடுத்த வீட்டுக்கு அந்த உரிமை உண்டு. அவள் விட்டுவிட்டுப் போகலாம் என்பது அதுவரை என் புத்தியில் உதித்ததே இல்லை. ஒருவர் காலில் நடக்கிற இன்னொருவர் தனியாக நடக்கப் போகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்.  

இதற்குள் கடலூரில் எங்களுக்குப் பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் பெரிய ஃபிளெக்ஸ், "கடலூரின் தங்கச் சிங்கங்களே" என்று. அதில் எங்கள் இருவர் கையிலும் இறகுப்பந்து மட்டையைக் கொடுத்திருந்தார்கள். சிந்துஜாவின் பாதி முகத்தை விழாக்குழுத் தலைவரின் மீசை மறைத்திருந்தது. பேச வந்தவர்களில் ஒருவர் எங்களை டேபிள் டென்னிஸ் வீராங்கனைகள் என்றார். அடுத்து வந்தவர் அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கிரிக்கெட்டுக்குக் கொண்டுபோனார். ஆளுக்கொரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். மறுநாள் காலை கிளப்பில் காட்சிப் போட்டி. எங்களுக்கு எதிராக டாக்டர் அன்பரசுவும் ஒரு ரைஸ்மில் முதலாளியும். இரண்டு பேர் தொப்பையையும் கூட்டினால் அதற்கு பாரிஸில் நேராக இடம் கிடைக்கும்.

விழா முடிந்த கையோடு நான் கிளப்புக்குப் போய்த் தனியாகக் கொஞ்ச நேரம் சர்வீஸ் போட்டேன். கிளப் கோர்ட் செம்மண் கோர்ட். கோடுகளுக்குச் சுண்ணாம்பு போடாமல் வெள்ளை நாடாவை இழுத்து ஆணி அடித்திருப்பார்கள். இரண்டு நாடா சேர்கிற மூலையில்தான் ஆணி முதலில் தளரும். அந்த நடு மூலையில் ஒரு ஆணி தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. யார் காலிலாவது குத்திவிடப் போகிறதே என்று அதைப் பிடுங்கிப் பையில் போட்டேன். அதை எடுத்ததும் பக்கத்து ஆணி பாதி ஆடியது. பாதி ஆடுகிற ஆணி முழுசாகக் கழன்றதைவிட ஆபத்து, உனக்கே தெரியும். அதற்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது, ராக்கெட் பிடியால் நெம்பி எடுத்தேன். நாடா லேசாக எழும்பி நின்றது. அதன்மேல் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, பார்வைக்கு அசிங்கமாக இல்லாமல் சமன் செய்தேன். மறுநாள் பெரிய மனிதர்கள் வருகிற இடம்.

கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிற மார்க்கர் உத்திராபதி அண்ணனிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்ததும் சொன்னால், இதைக்கூடப் பார்க்கவில்லையா என்று அப்பா அவரைத் திட்டுவார். ஒரு மனிதனை ஏன் திட்டு வாங்க வைக்க வேண்டும். பேசாமல் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

காலையில் நல்ல கூட்டம். நாங்கள் இளித்துக்கொண்டே ஆடினோம். டாக்டர் மூச்சு வாங்கும்போதெல்லாம் சிந்துஜா வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்து அவருக்கு ஓய்வு கொடுத்தாள். நெட்டில் நின்ற நான் ஆட்டம் முழுக்க முஷ்டியையே காட்டினேன். இடம் மாறும்போது அவள், ஒருமுறையாவது பாயேன், ஜனங்கள் அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள் என்று காதில் சொன்னாள். அவள்தான் கேட்டாள் என்பதை நீ கவனிக்க வேண்டும். கடைசி கேமில் அவள் சர்வீஸ். நான் இடுப்புக்குப் பின்னால் கையை விரித்தேன். ஐந்து விரலும் நன்றாகத் தெரிகிற மாதிரி விரித்தேன்.

அவள் சர்வீஸ் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அந்த ஓட்டத்தின் சத்தம் எனக்கு மனப்பாடம். நான் மறுபக்கம் பாயவில்லை. பாய வேண்டிய அவசியம் இல்லை. பந்து எங்கே போனது என்றுகூட நான் பார்க்கவில்லை. பின்னால் நாடா இழுபடுகிற சத்தம், அப்புறம் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள், ஏதோ வித்தை என்று நினைத்துக்கொண்டு. அவளை முதலில் மடியில் தூக்கி வைத்தவள் நான்தான். பேப்பரில் அந்தப் படம் வந்தது. முதல் தடவையாக என் பெயரைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

டாக்டர் அன்பரசு ஆட்டத்தில்தான் சுமார், தொழிலில் கெட்டிக்காரர். முட்டியை அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜவ்வு போயிருக்கும்மா. நாளைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. தள்ளிப்போடாதீங்க." சார்லஸ் அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். அவர் எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார். ஸ்கேன் என்றால் அடுத்து ஆபரேஷன் என்பார்கள், கத்தி பட்ட காலில் அப்புறம் ஓட முடியுமா, கம்மாபுரம் பக்கம் கைராசியான கட்டு வைத்தியர் இருக்கிறார் என்றேன். ஊர் முழுக்க எனக்குச் சாட்சி. மாடு மிதித்த கால் அங்கே சரியாயிற்று, மரத்திலிருந்து விழுந்த இடுப்பு சரியாயிற்று, மோட்டார் பைக்கில் விழுந்தவன் மூன்றாம் மாதம் மறுபடி மோட்டார் பைக்கில் விழுந்தான் என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். அதெல்லாம் எலும்பு. எலும்புக்குக் கட்டுப்போடலாம், கிழிந்த ஜவ்வுக்குக் கட்டு உதவாது. இது எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஆடினவளுக்கு இதுகூடத் தெரியாதா. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பாவின் காரில் நானே ஓட்டிக்கொண்டுபோனேன். வைத்தியர் நல்ல மனிதர், முகத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். அவரிடமும் எலும்பு விலகினதாகத்தான் நான் சொன்னேன், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் தப்பை வைத்து, இறுக்கிக் கட்டினார். தவறாமல் கூட்டிப்போய் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். காலை அசைக்கவே விடவில்லை. அவள் அம்மா ராசம்மாள், பெற்றவள் நான்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தைவான்காரி ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறுநாளே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டாள். ஜோடி என்றால் என்னவென்று தெரியாத ஜனங்கள். பாரிஸ் ஆட்டத்தைச் சிந்துஜாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் பலாச்சுளை தின்றுகொண்டே பார்த்தோம். அவள் சுளையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமலே இருந்தாள்.

கட்டுப் பிரித்தபோது முட்டி மடங்கவில்லை. அதற்கப்புறம் ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் நடந்தது. நடக்கலாம், மாடி ஏறலாம், ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் அழவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

"கை விரிச்சியேக்கா. நீ ஏன் நவுரல?"

"பந்து அந்தப் பக்கம் வரலடி."

அவள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்தாலும் யாரிடம் போய் என்னவென்று சொல்லுவாள். கை விரித்தாள், நகரவில்லை என்றா. அப்படி ஒரு குற்றம் எந்தச் சட்டத்திலும் கிடையாது.

நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. நான் கெட்டவள் என்று நினைக்கிறாய். அவளைக் கேட்டுப் பார். இப்போது சிதம்பரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், மாதச் சம்பளம் வருகிறது, கழிப்பறை ஓரத்துக் கோர்ட்டில் ஆட வேண்டிய தலையெழுத்து இல்லை. இன்னும் என்மேல் அவர்கள் வீட்டுக்கே பாசம். போன தடவை போயிருந்தபோது ராசம்மாள் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருப்பதைப் பார்த்தேன். மற்ற டம்ளர்களோடு சேர்க்காமல் ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். குடித்து முடித்ததும் சிந்துஜா குழாயைக் காட்டினாள். நானே கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். சிநேகிதம் என்றால் அது.

உத்திராபதி அண்ணனையும் நான் கைவிடவில்லை. ஆணியை ஒழுங்காக அடிக்கவில்லை என்று கிளப்பில் அவரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினது அப்பாதான், வேறு வழியில்லை. நாம் ஆடுகிற இந்தச் செம்மண் கோர்ட்டை நான் சொந்தமாகப் போட்டதும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். ஒரு பொண்ணு காலை முடமாக்கிட்டேனே பாப்பா என்று இன்றைக்கும் சில சமயம் உட்கார்ந்து புலம்புவார். நான்தான் தேற்றுவேன். நடந்தது நடந்துபோச்சுண்ணே, மனசுல வச்சுக்காதீங்க என்று சொல்லி டீ வாங்கிக் கொடுப்பேன். நல்ல மனிதர். ஒவ்வொரு ஆணியையும் குனிந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு நாள் ஆட்டத்தையே ஆரம்பிக்க விடுவார்.

பையின் பக்கத்து ஜிப்பைத் திற. ஆமாம், அந்த ஆணிகள்தான். ராசி என்று வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார், எவ்வளவு லேசாக இருக்கிறது. துருப்பிடித்த இரண்டும் அப்போது எடுத்தவை. பளபளவென்று இருக்கிற இரண்டும் இன்றைக்கு மத்தியானம், நீ போன பிறகு இந்தக் கோர்ட்டில் எடுத்தவை. தளர்ந்திருந்தது. உத்திராபதி அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், நாளைக்கும் வர மாட்டார். கோர்ட்டை நானே கூட்டிச் சமன் செய்துவிட்டேன்.

பூனாவுக்குப் போகிறதைப் பற்றிக் கேட்டாய். போகலாம், நான் யார் தடுக்க. நீ சிந்துஜா மாதிரி இல்லை, நம்ம ஜனம், உன்மேல் எனக்கு அவளைவிட உரிமை ஜாஸ்தி. அதனால்தான் அவளுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் தெரியாமல் நம்பினாள். தெரியாமல் நம்புவது ஒரு பெரிய விஷயமில்லை. நீ எல்லாம் தெரிந்துகொண்டு, சர்வீஸ் போட்டுவிட்டு, கீழே பார்க்காமல் ஒரே ஒரு தடவை ஓடி வந்தால் போதும். ஜோடி என்றால் எனக்கு அதுதான். அதற்கப்புறம் நீ பூனாவுக்குப் போனாலும் எங்கே போனாலும் எனக்குச் சம்மதம்.

சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாயே, சாப்பிடு. காலையில் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. நான் இதுவரை யாரையும் தள்ளிவிட்டதில்லை, காயத்ரி. கையைத்தான் காட்டியிருக்கிறேன், ஓடினது அவரவர் கால்.